பலகையின் கால் யார் நிலத்தில் நிற்கிறது?

பழவேற்காட்டிலிருந்து பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால், சாலையோர மண்ணில் இரண்டு குழிகளைக் காட்டினார் ஓர் அக்கா. "இங்கதான் தம்பி என் போர்டு நின்னுச்சு" என்றார். அவர் கடை உள்தெருவில் இருக்கிறது. மீன் வறுவல், இறால் தொக்கு, ஞாயிற்றுக்கிழமை நண்டு. சென்னையிலிருந்து வருகிறவர்கள் கடற்கரையையும் கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள், உள்தெருவில் இப்படி ஒரு கடை இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் திருப்பத்தில் 8 அடிக்கு 4 அடியில் இரும்புச் சட்டம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பலகை இல்லை, குழிதான் இருந்தது.

"எடுத்ததுகூடப் பரவாயில்ல. எங்க வச்சா எடுக்க மாட்டாங்கன்னு யாராவது சொல்லணும் இல்ல? ஒரு ஆபீஸ்ல கேட்டா இன்னொரு ஆபீஸைக் கை காட்டுறாங்க."

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பாடம். இதை எழுதத் தொடங்கும்போது, "விளம்பரப் பலகை விதிகள்" என்று ஒரே ஓர் அரசாணை இருக்கும், அதை எளிய தமிழில் மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அப்படி ஒரே தாள் கிடையாது. பெரிய நகரத்தில் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வண்ணம் தீட்டிய நிலப் பயன்பாட்டு வரைபடம் இருக்கும், அதைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் ஏரியும் இருக்கிற குப்பத்தில் கோடுகள் வேறு. ஊராட்சி, சாலை, கடலோர மண்டலம், பறவைகள் சரணாலயம், கலங்கரை விளக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டமும் ஓர் அலுவலகமும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு, அக்காவின் பிரச்சினையில் முக்கால்வாசி ஒரே கேள்வியில் அடங்குகிறது என்று தெரிந்தது: பலகையின் கால் யார் நிலத்தில் நிற்கிறது?

இந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. பழவேற்காடு ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறைதான் தீர்மானிக்கிறது. உரிமையுள்ளவர்களுக்குள் சீட்டுப் போட்டு, முறை வைத்து இடம் பிரித்துக்கொள்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள் இந்த முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். தண்ணீரிலேயே கண்ணுக்குத் தெரியாத எல்லையை மதிக்கிற ஊர் இது. தரையில் எல்லை எங்கே என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

சுவரோடு ஒட்டிய பலகையும் காலூன்றிய பலகையும்

முதலில் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் கடைச் சுவரிலோ வாசல் மேலேயோ, அந்தக் கடையின் பெயரையும் அங்கே விற்கிற பொருளையும் சொல்கிற பலகை பெயர்ப் பலகை. கடை ஓரிடத்தில் இருக்க, அதைப் பற்றி வேறோர் இடத்தில் சொல்கிற பலகை விளம்பரம். நம் மாநில உள்ளாட்சிச் சட்டங்களில் இந்த வேறுபாடு நெடுங்காலமாக இருக்கிறது. ஓர் இடத்தில் நடக்கிற தொழிலைப் பற்றி அந்த இடத்திலேயே வைக்கிற பலகைக்கு விளம்பர வரியிலிருந்து விலக்கு கொடுத்திருப்பதும் அதனால்தான்.

விளம்பரத் தட்டி என்று சட்டம் சொல்வது பலகையை மட்டுமல்ல, அதைத் தாங்குகிற சட்டம், கால், முட்டு எல்லாம் சேர்த்துத்தான். அது தனியார் நிலத்தில் நின்றாலும் பொதுமக்கள் கண்ணில் பட்டால் தட்டிதான். "என் சொந்த நிலத்துல வச்சிருக்கேன், யாரு கேக்குறது?" என்ற வாதம் இங்கே நிற்காது.

லைட்ஹவுஸ் குப்பம் ஊராட்சிப் பகுதி. எனவே 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், அதன்கீழ் 2009-இல் வந்த விளம்பரத் தட்டி உரிமம் மற்றும் விளம்பர வரி விதிகளும்தான் இங்கே பொருந்தும். பொன்னேரி நகராட்சியிலோ மீஞ்சூர் பேரூராட்சியிலோ பலகை வைப்பதாக இருந்தால் பாதை வேறு. அங்கே 2023-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகளைப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நகராட்சி விண்ணப்பத்தை நிரப்பி ஊராட்சியில் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடை ஊராட்சியில் இருந்தாலும் பலகை நகராட்சி எல்லைக்குள் நின்றால் அதற்கு நகராட்சி விதிதான்.

அக்காவின் கடை வாசலில் ஏற்கெனவே ஒரு சின்னத் தகரப் பலகை இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. எடுக்கப்பட்டது திருப்பத்தில் காலூன்றி நின்ற பலகை மட்டும்தான்.

நிலத்தைப் பார்ப்பது எப்படி

பலகை வைக்க நினைக்கிற இடத்தின் சர்வே எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். செல்போனில் சிரமமாக இருந்தால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். அ-பதிவேட்டில் அந்த நிலம் பட்டா நிலமா, சாலைப் புறம்போக்கா, நீர்நிலைப் புறம்போக்கா, நத்தமா என்று இருக்கும். சர்வே எண்ணே தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். கையில் அந்த இடத்தின் புகைப்படம் ஒன்று இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பட்டா நிலம், ஆனால் அடுத்தவருடையது என்றால் அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். "மாமாதான், ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பது நாளைக்குத் தகராறு வந்தால் உதவாது. அடுத்தவர் சுவரிலோ மதிலிலோ உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் விளம்பரம் செய்வது, 1959-ஆம் ஆண்டின் பொது இடங்கள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மின்கம்பத்தில் பலகை கட்டுவது அதைவிட மோசம். கம்பத்தில் ஏறுகிற ஊழியரின் உயிரும் உங்கள் உயிரும் அதில் சிக்கியிருக்கிறது. மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

சாலைப் புறம்போக்கு என்றால் அநேகமாக வேறு இடம் பார்ப்பதே நல்லது. தார் போட்ட அகலம் மட்டும்தான் சாலை என்று நாம் நினைக்கிறோம். அதற்கு இருபுறமும் உள்ள மண் ஓரமும் சாலையின் எல்லைக்குள்தான் வரும். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி அந்த ஓரத்தில் அனுமதியில்லாமல் எதை நட்டாலும் ஆக்கிரமிப்பு. அக்கா காட்டிய இரண்டு குழிகளும் அந்த மண் ஓரத்தில்தான் இருந்தன.

அதோடு அது ஒரு திருப்பம். சாலையோர விளம்பரங்கள் பற்றி இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1972-இலேயே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. சந்திப்புக்கும் பாலத்துக்கும் பக்கத்தில் விளம்பரம் கூடாது, ஓட்டுநரின் பார்வையை மறைக்கக் கூடாது, போக்குவரத்துப் பலகையோடு குழப்பம் தரக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. "திருப்பத்துல வச்சாதானே கண்ணுல படும்?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எதிரே வருகிற மீன் வண்டி கண்ணில் பட வேண்டியதும் அதே இடத்தில்தான்.

கடலிலிருந்து எத்தனை மீட்டர்?

கடலோரத்தில் நிலம் உங்களுடையது என்பதோடு கேள்வி முடிவதில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம். கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி என்று 2011 அறிவிக்கை சொல்கிறது. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கிராமங்களுக்கு இந்தத் தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது. ஏரி, முகத்துவாரம் போல அலை ஏறி இறங்குகிற நீர்நிலைகளுக்குத் தனி அளவு.

லைட்ஹவுஸ் குப்பத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேறு ஊரில் கடலிலிருந்து மட்டும் அளந்தால் போதும், இங்கே கிழக்கே கடலிலிருந்தும் மேற்கே ஏரியிலிருந்தும் அளக்க வேண்டும். ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே அளக்க வேண்டாம். உயர் அலைக் கோடு என்பது நாம் மணலில் பார்க்கிற ஈரக்கோடு இல்லை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் குறித்த கோடு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம், உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது, எந்த ஆண்டு அறிவிக்கையின் வரைபடம் இப்போது செல்லும் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிட்டால் பழைய வரைபடத்தை வைத்துப் பதில் வந்துவிடலாம்.

கடைச் சுவரில் மாட்டுகிற பலகைக்கு இதெல்லாம் தேவைப்படாது. குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, இரும்புத் தூண் எழுப்பினால்தான் "இது கட்டுமானமா?" என்ற கேள்வி வரும். அதனால்தான் சொல்கிறேன், காலில்லாத பலகைக்குத் தொல்லை குறைவு.

ஏரிக்கரைப் பக்கம் இன்னொரு கோடும் இருக்கிறது. பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டர், 1980-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். சரணாலயங்களைச் சுற்றியுள்ள சூழல் உணர்திறன் மண்டலங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011 பிப்ரவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தடை செய்யப்பட்டவை, ஒழுங்குபடுத்தப்பட்டவை, அனுமதிக்கப்பட்டவை என்று அதில் மூன்று பட்டியல். வணிகப் பெயர்ப் பலகைகளும் விளம்பரத் தட்டிகளும் நடுப் பட்டியலில், அதாவது ஒழுங்குபடுத்தப்பட்டவற்றில் இருக்கின்றன. "சரணாலயம் பக்கத்துல போர்டே வைக்கக் கூடாதாமே" என்று ஊரில் பேசிக்கொள்வது சரியில்லை. கேட்டுவிட்டு வைக்க வேண்டும் என்பதுதான் சரி. சரணாலய எல்லைக்குள்ளேயே என்றால் வனத் துறையின் சரக அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு கம்புகூட நட வேண்டாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பழவேற்காடு கடைத்தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டச்சுக் கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. அந்தச் சுற்றுக்குள் தூண் வைத்த பலகை வேண்டாம்.

விளக்குக்கு எதிரே விளக்கு

லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பெயர் கொடுத்த கலங்கரை விளக்கம் இன்றும் வேலை செய்கிறது. ஒளிரும் பலகை வாங்க நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

கடலில் இருப்பவர் ஒரு கலங்கரை விளக்கத்தை எப்படி அடையாளம் காண்கிறார்? வெளிச்சத்தை வைத்து மட்டுமல்ல, அது விட்டுவிட்டு மின்னுகிற கணக்கை வைத்து. ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு கணக்கு. இத்தனை நொடிக்கு இத்தனை மின்னல் என்றால் இது இந்த ஊர். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஆனால் பேட்டரி தீர்ந்த ராத்திரியில் அந்த மின்னல்தான் துணை. இந்தச் சூழ்நிலையில் கரையோரக் கடை ஒன்று கடலைப் பார்த்து, விட்டுவிட்டு மின்னுகிற எல்.இ.டி. பலகை வைத்தால் என்ன ஆகும்?

பழைய 1927-ஆம் ஆண்டு கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருப்பது கடல்வழி உதவிச் சாதனங்கள் சட்டம், 2021. வேண்டுமென்றே ஒரு கலங்கரை விளக்கத்தின் பயனை மறைத்தாலோ குறைத்தாலோ 6 மாதம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாலுமியைத் தவறாக வழிநடத்தும் என்று தெரிந்தே பொய் விளக்கு காட்டினால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 283-ஆம் பிரிவில் வரும், 7 ஆண்டு வரை சிறை. மீன் கடைப் பலகைக்கு யாரும் ஏழு வருடம் உள்ளே போகப்போவதில்லை. "வேண்டுமென்றே", "தெரிந்தே" என்ற சொற்கள் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் சட்டம் இதை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இதைச் சொன்னபோது அக்கா உடனே புரிந்துகொண்டார். அவர் வீட்டுக்காரர் ராத்திரியில் கடலுக்குப் போகிறவர்.

செய்ய வேண்டியது எளிது. பலகையைத் தெருவைப் பார்த்து வையுங்கள், கடலைப் பார்த்து வேண்டாம். மின்னுகிற விளக்கு வேண்டாம், நிலையாக எரிகிற விளக்கு போதும். வெளிச்சம் மேலிருந்து கீழே பலகை மேல் விழட்டும். கடை மூடியதும் அணைத்துவிடுங்கள். குளிர்காலத்தில் ஏரிக்கு வருகிற பூநாரைகளுக்கும் அதுதான் நல்லது.

காற்றின் எடை

சட்டம் எதுவும் இல்லாத ஊரிலும் பெரிய பலகைக்கு ஒரு சட்டம் உண்டு, அது காற்று.

கணக்கு எளிது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற காற்றின் வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழுகிற அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 38 கிலோ எடை தள்ளுவது போல. அக்காவின் 8-க்கு 4 பலகை ஏறக்குறைய 3 சதுர மீட்டர், எனவே சுமார் 115 கிலோ. இரண்டு பேர் தோளால் முட்டிக்கொண்டு தள்ளுகிற மாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். கட்டடங்களுக்கான காற்று அழுத்தத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம், சென்னைப் பகுதிக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாக வைக்கச் சொல்கிறது. அந்த வேகத்தில் அதே பலகை மேல் சுமார் 450 கிலோ. மணலில் இரண்டடி தோண்டிய குழி இதைத் தாங்குமா? உப்புக் காற்றில் துருப்பிடித்த நட்டும் போல்ட்டும் தாங்குமா?

3 அடிக்கு 2 அடிப் பலகையைச் சுவரில் மாட்டினால், மணிக்கு 90 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் விழுவது 21 கிலோதான். அக்காவுக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். "வலையைக் காத்துல விரிச்சுப் புடிச்சா தெரியுமே தம்பி, இதுக்கு எதுக்குக் கணக்கு" என்றார்.

பலகை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணங்கள் உண்டு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அனுமதியின்றி வைத்த பேனர் ஒன்று இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த 23 வயது மென்பொறியாளர் மேல் விழுந்தது. நிலைதடுமாறிச் சாலையில் விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரத் தட்டி சரிந்து அதில் வேலை செய்துகொண்டிருந்த 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புழுதிக் காற்றில் ஒரு ராட்சதப் பலகை பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் பலியானார்கள். அங்கே மாநகராட்சி அனுமதிக்கிற உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி, விழுந்த பலகை சுமார் 120 அடிக்கு 120 அடி. இவற்றில் முதல் சம்பவத்தை மறக்க வேண்டாம். அது பெரிய தட்டி இல்லை, துணி மாதிரி லேசான பேனர்தான்.

எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டதும் படகை மேட்டுக்கு இழுக்கிறோம் இல்லையா, அப்போதே ஃப்ளெக்ஸையும் கழற்றி உள்ளே வையுங்கள். கழற்றக் கூடியதாகவே முதலில் செய்யச் சொல்லுங்கள். அச்சடிக்கிற கடையில் இன்னொன்றும் கேட்க வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்கள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. "சீப்பா ஒண்ணு இருக்கு" என்று சொன்னால் மைக்ரான் எத்தனை என்று கேளுங்கள். மலிவு ஃப்ளெக்ஸ் கிழிந்தால் கடைசியில் ஏரியில்தான் போய் விழும், பிறகு வலையில் வரும்.

எழுத்தும் சொல்லும்

பலகையில் என்ன மொழி என்பதற்கும் விதி இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆம் விதிப்படி பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடைகளுக்கு இதே போன்ற விதி உணவு நிறுவனங்கள் விதிகள், 1959-இல் 42-பி. வேறு மொழியும் வேண்டுமென்றால் வைக்கலாம், ஆனால் தமிழ் மேலே, பெரிதாக. அடுத்து ஆங்கிலம், மூன்றாவதாகப் பிற மொழி, 5:3:2 என்ற அளவில். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் இங்கே தெலுங்கும் எழுத நினைப்பவர்கள் உண்டு. தாராளமாக எழுதலாம், வரிசை மட்டும் மாறக் கூடாது. இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை.

பலகை சொல்கிற செய்திக்கு வருவோம். பழவேற்காட்டில் ஒரு விஷயத்தைப் பலகையில் எழுதவே கூடாது: "படகு சவாரி".

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போடப்பட்டது. ஆனாலும் கடை வாசலில், சாப்பாட்டு விலைப்பட்டியலின் கடைசி வரியாக, "படகு ஏற்பாடு செய்து தரப்படும்" என்று ஒரு ஃபோன் எண்ணோடு எழுதிவிடலாமே என்ற ஆசை யாருக்கும் வரும். வெளியூர்க்காரருக்கு ஏரி ஆழமில்லாததாகத் தெரியும், முகத்துவாரத்து நீரோட்டம் தெரியாது. அவர் நம்புவது பலகையைத்தான். அரசு வைத்த எச்சரிக்கைப் பலகையும் உங்கள் அழைப்புப் பலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் உங்களுடையதுதான் வண்ணமாக இருக்கும். பாதுகாப்பற்ற, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் கூலிக்குக் கூட்டிப் போவது நியாய சன்ஹிதாவின் 284-ஆம் பிரிவில் தனிக் குற்றம். எச்சரிக்கைப் பலகையை மறைத்து உங்கள் பலகையை வைப்பது எந்தப் பிரிவில் வந்தாலும் வராவிட்டாலும் செய்யக் கூடாத வேலை.

எங்கே போவது, எதைக் கொண்டு போவது

காலூன்றிய பலகைதான் வேண்டும் என்று முடிவு செய்தால், தொடங்க வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம். ஒரு தாளில் கையாலேயே படம் வரையுங்கள். சாலை எங்கே, கடை எங்கே, பலகை எங்கே, சாலை விளிம்பிலிருந்து எத்தனை அடி, மின்கம்பி எத்தனை அடி உயரத்தில் போகிறது. அதோடு பட்டா நகல் அல்லது நில உரிமையாளரின் சம்மதக் கடிதம், பலகையின் நீளம், அகலம், உயரம், எழுதப்போகிற வாசகம், இரண்டு புகைப்படங்கள். விண்ணப்பம் கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். "மேல போய்க் கேளுங்க" என்று வாயால் சொன்னால், எந்த அலுவலகம் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதிவு செய்யலாம். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம்: இன்ன சர்வே எண் சாலை எல்லைக்குள் வருகிறதா, இன்ன தேதியில் எடுக்கப்பட்ட பலகை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? ஏற்கெனவே ஆபத்தாகச் சாய்ந்து நிற்கிற பலகை கண்ணில் பட்டாலும் அதே 1100-ஐ அழைக்கலாம்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. உள்தெருவில் கடை வைத்திருப்பவர் அக்கா மட்டும் இல்லை. ஆளுக்கொரு பலகை திருப்பத்தில் நட்டால் ஒன்றும் யார் கண்ணிலும் படாது. எல்லாக் கடைப் பெயரையும் ஒரே அளவில், அம்புக்குறியோடு, ஊராட்சியே ஒரே பலகையில் வைத்தால் என்ன? அனுமதி கேட்பதும் ஒரு முறை, காற்றுக்குப் பயப்படுவதும் ஒரு முறை. இதைக் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

அக்காவிடம் இதைச் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்துன்னா சரி. யார் பேர் மேல வர்றதுன்னு சண்டை வரும். அதுக்குச் சீட்டுப் போட்டுக்கலாம்" என்றார். இப்போதைக்கு, பிடுங்கிய பலகை போக மிச்சமிருந்த தகரத்தில் 3-க்கு 2 அளவில் ஒன்று எழுதி, தெரு முனையில் இருக்கிற தன் தங்கை வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். "மீன் வறுவல், உள்ளே 40 அடி" என்று எழுதியிருக்கிறது. தங்கையிடம் சம்மதக் கடிதம் வாங்கச் சொன்னதற்குத்தான் சிரித்தார்.